முல்லை என்று வந்தால் எந்த முல்லை?

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் 169ஆம் அடி இது: 'முல்லை சான்ற முல்லையம் புறவின்'. நல்லியக்கோடன் என்ற குறுநில மன்னனின் நாட்டுக்குள் பாணர் போகும் வழியில், வேலூர்ப் பக்கத்துக் காட்டைச் சொல்லும் இடம். நான்கு சீரில் இரண்டு முல்லை. இரண்டையும் பூ என்று எடுத்துக்கொண்டால் 'மல்லிகை நிறைந்த மல்லிகைக் காடு' என்று அசட்டுத்தனமாக ஒரு பொருள் வரும். இணையத்தில் கிடைக்கும் மொழிபெயர்ப்புகள் சில அப்படித்தான் இருக்கின்றன. பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பிரித்துக் காட்டுகிறார்: முதல் முல்லை ஒழுக்கம், இரண்டாவது முல்லை நிலம். கணவன் வரும்வரை ஆற்றியிருத்தல் என்ற ஒழுக்கம் அமைந்த காட்டு நிலம் என்பது பொருள்.

ஒரு பூவின் பெயர் இத்தனை பொருளுக்கு எப்படிப் போனது என்பதைப் பூவிலிருந்தே தொடங்கினால்தான் புரியும். அதிலும் எந்தப் பூ என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கடையில் வெள்ளையாக, மணமாக இருப்பதையெல்லாம் மல்லி என்று வாங்கிப் பழகிவிட்டோம்.

முல்லையின் தாவரப் பெயர் ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம். குண்டுமல்லி ஜாஸ்மினம் சம்பக். பிச்சி, ஜாதிமல்லி என்பது ஜாஸ்மினம் கிராண்டிஃபுளோரம். பூவைப் பார்த்துக் குழம்பினால் இலையைப் பாருங்கள். குண்டுமல்லிக்கு ஒற்றை இலை. பிச்சிக்கு ஒரு காம்பில் ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள் இறகு மாதிரி அடுக்கியிருக்கும். மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடும். முல்லைக்கு நடுவில் ஒரு பெரிய சிற்றிலை, அதன் அடியில் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாக இரண்டு. இந்தப் பொடி இலைகளைக் காது என்று கண்டுதான் ஆரிகுலேட்டம் என்ற இலத்தீன் பெயரே வைத்தார்கள். சில கிளைகளில் அந்தக் காதுகள் இல்லாமலும் போகும். அதனால் ஒரு கிளையை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம், நாலைந்து கிளை பாருங்கள். மொட்டு மெல்லியது, நுனி கூர்மையானது, குண்டுமல்லியைவிடச் சிறியது. இந்த அளவும் வடிவமும் இலக்கியத்துக்கு முக்கியம். ஏன் என்பது கீழே வரும்.

வளர்ப்பவர்களுக்குக் கொஞ்சம். ஒரு அடி ஆழ, அகலக் குழி, செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர், தண்ணீர் தேங்காத மண். தேங்கினால் இலை வெளுக்கும். வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாததால் வரும் வெளுப்பு அது. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும், ஆனால் வடிகாலைச் சரிசெய்யாமல் தெளித்துக்கொண்டே இருப்பது வீண். கவாத்து ஜனவரிக் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்ட வேண்டும். குண்டுமல்லிக்கு வெட்டும் நவம்பர்க் கடைசியில் இதையும் சேர்த்து வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. முல்லைக்கே உரிய தொல்லை கொப்புளச் சிலந்தி. இலையிலும் இளந்தண்டிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் படரும். பார்ப்பவர்கள் பூஞ்சாணம் என்று நினைத்துப் பூஞ்சாணக் கொல்லியை அடிப்பார்கள், ஒன்றும் நடக்காது. பாதித்த கிளையை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் கந்தகம் அடித்தால் இலை கருகும். இந்தச் சிலந்தியைத் தாங்கும் இரகம் ஒன்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதன் பெயர் பாரிமுல்லை! கோ.1, கோ.2 என்று எண் போடும் இடத்தில் யாரோ ஒருவர் புறநானூற்றை நினைத்திருக்கிறார்.

முல்லை அவிழ்வது மாலையில். பறிப்பது விடியற்காலையில், மொட்டாக இருக்கும்போதே. கார் காலம் அதற்குக் கொண்டாட்டம். செடியின் இந்த இரண்டு இயல்புகளையும் தொல்காப்பியம் மூன்றே சொல்லில் அடக்குகிறது: 'காரும் மாலையும் முல்லை'. பொருள் தேடிப் போனவனும் போருக்குப் போனவனும் மழை தொடங்கும்போது திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மழை வருகிறது, பொழுது சாய்கிறது, அதே நேரத்தில் வேலியில் முல்லை அவிழ்கிறது. காத்திருப்பவளுக்கு அது மணிக்கூண்டு. பூவின் பெயர் காத்திருத்தலின் பெயரானதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. நிலத்துக்குப் பூவால் பெயர் வந்தது என்ற உரையும் உண்டு, ஒழுக்கத்தின் பெயரே நிலத்துக்கு ஆனது என்ற உரையும் உண்டு. பள்ளிப் பாடம் முதல் கட்சியை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறது. செடியைத் தெரிந்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே படும்.

குறுந்தொகை 234 இந்த மாலைக் கணக்கையே மறுத்துப் பேசுகிறது. 'எல்லறு பொழுதின் முல்லை மலரும் மாலை என்மனார் மயங்கியோரே' என்கிறாள் தலைவி. ஒளி மங்கி முல்லை மலர்வதுதான் மாலை என்று சொல்பவர்கள் விவரம் கெட்டவர்கள். துணை இல்லாதவர்களுக்குக் கோழி கூவும் விடியலும் மாலைதான், பகலும் மாலைதான் என்று போகிறது பாட்டு. முல்லை மலர்ந்தால் மாலை என்பது எல்லாரும் அறிந்த கணக்காக இருந்தால்தான் இந்தக் கோபத்துக்கு அர்த்தம் உண்டு.

முல்லைப்பாட்டில் பூவே வேலை செய்கிறது. நப்பூதனார் பாடியது, 103 அடி, பத்துப்பாட்டிலேயே சிறியது. அதில் பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்துக்குப் போய் விரிச்சி கேட்கிறார்கள். கையில் நாழி நெல். அதனுடன் 'நறுவீ முல்லை அரும்பு அவிழ் அலரி'. அப்போதுதான் வாய் திறந்த முல்லை. இரண்டையும் தூவிக் கைதொழுது, அடுத்துக் காதில் விழும் பேச்சை நிமித்தமாகக் கொள்ள நிற்கிறார்கள். அங்கே ஓர் இடைமகள், தானே குளிரில் நடுங்கியபடி, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் 'உன் தாய் இப்போது வந்துவிடும்' என்று சொல்வது கேட்கிறது. அரும்பும் ஆகாது, வாடியதும் ஆகாது, அவிழும் பருவம் வேண்டும் என்பதால் இந்தச் சடங்கு நடக்கும் பொழுதும் மாலையாகிவிடுகிறது. புலவர் பொழுதைத் தனியாகச் சொல்லவே தேவையில்லை. சொல்கிறார் என்பது வேறு.

கலித்தொகையில் முல்லைக்கலி 17 பாட்டு, சோழன் நல்லுருத்திரன் பாடியவை. ஏறு தழுவும் பாட்டுகளுக்காக ஜனவரி மாதம் மட்டும் எல்லாரும் அதை எடுப்பார்கள். 115ஆம் பாட்டைப் படியுங்கள். ஆயர் மகன் சூடி வந்த 'முல்லை ஒரு காழும் கண்ணியும்' ஒருத்தி வாங்கித் தன் கூந்தலுக்குள் ஒளித்து முடிந்துகொள்கிறாள். ஒரு காழ் என்றால் ஒரு சரம். வீட்டில் வெண்ணெய் தடவத் தலையை விரிக்கிறார்கள். 'அன்னை முன் வீழ்ந்தன்று அப் பூ.' சிறிய மொட்டு, மெல்லிய சரம். ஒளிக்கவும் முடியும், சட்டென்று நழுவவும் செய்யும். இங்கே முல்லை பூ, அந்த வீடு முல்லை நிலம், பாட்டு முல்லைத் திணை. மூன்றும் ஒரே இடத்தில்.

இனி நான் பிறரிடம் திரும்பத் திரும்பக் காட்டும் இடம். மறுபடி சிறுபாணாற்றுப்படை. விறலியரை வருணிக்கும்போது ஓர் உறுப்பின் உவமை முடிந்த சொல்லிலேயே அடுத்ததைத் தொடங்கிக்கொண்டு வருகிறார் நத்தத்தனார். பல்லுக்கு வந்ததும்:

எயிறெனக்
குல்லையம் புறவில் குவிமுகை அவிழ்ந்த
முல்லை சான்ற கற்பின் மெல்லியல்

பல்லைப்போலக் குவிந்த மொட்டு அவிழ்ந்தது எது? முல்லை. இந்த இடம் வரை முல்லை ஒரு பூ. அதே சொல்லை அடுத்த சொல்லோடு சேர்த்தால் 'முல்லை சான்ற கற்பு'. இப்போது முல்லை ஒரு குணம். ஒரே சொல் இடது கையால் பூவையும் வலது கையால் கற்பையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மொட்டுக்கு மேலே சொன்ன கூர்மையும் சிறுமையும் இல்லையென்றால் இடதுபக்கம் நிற்காது. குண்டுமல்லி மொட்டைப் பல்லுக்கு உவமை சொன்னால் கேட்பவர் சிரிப்பார். இன்னொன்று: கற்புக்கு முல்லையைச் சான்றாக்கிச் சொல்வது அரசியையோ வணிகர் மனைவியையோ அல்ல, ஆடிப் பாடி ஊர் ஊராகப் போகும் விறலியரை. பிற்காலத்தார் மறந்துபோன செய்தி இது.

குணமாகிப்போன முல்லை, போரையும் அரசையும் பாடும் புறத்திணைக்குள் நுழைந்தபின் பூவுக்கு அங்கே வேலையே இல்லை. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் வாகைப் படலத்தைத் திறந்தால் அரச முல்லை, பார்ப்பன முல்லை, அவைய முல்லை, கணிவன் முல்லை, ஏறாண் முல்லை, வல்லாண் முல்லை, மூதின் முல்லை என்று துறைகள், அதாவது திணையின் உட்பிரிவுகள், வரிசையாக வருகின்றன. கணிவன் முல்லை என்றதும் சோதிடருக்குப் பூமாலை போட்டதாக எண்ணிவிடாதீர்கள். அங்கே முல்லை என்பது ஒருவரிடம் நிலைத்து நிற்கும் இயல்பின் உயர்வு. சோதிடரின் திறம், அவையின் நடுநிலை, மறக்குடியின் மறம். மனையில் நிலைத்திருக்கும் இயல்பு என்ற பொருளிலிருந்து 'மனையில்' கழன்று, நிலைத்த இயல்பு மட்டும் தங்கிவிட்டது என்று நான் வாசிக்கிறேன்.

இதைச் சோதிக்க ஒரே புலவரின் இரண்டு பாட்டு போதும். ஒக்கூர் மாசாத்தியின் குறுந்தொகை 126: 'பூங்கொடி முல்லைத் தொகுமுகை இலங்கு எயிறாக நகுமே தோழி நறுந்தண் காரே'. முல்லை மொட்டுகளைப் பல்லாக்கிக் கார்காலம் தலைவியைப் பார்த்துச் சிரிக்கிறது. ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூறு 279: முந்தைய போரில் உடன்பிறந்தவன் களத்தில் விழுந்தான், நேற்றைய போரில் கணவன் விழுந்தான், இன்று பறை கேட்டதும் ஒரே மகனின் பறட்டைக் குடுமிக்கு எண்ணெய் நீவி, வெள்ளுடை உடுத்தி, கையில் வேல் கொடுத்து 'போ' என்று அனுப்புகிறாள். இந்தப் பாட்டில் முல்லை என்ற சொல்லே இல்லை, ஒரு பூகூட இல்லை. துறை என்ன? மூதின் முல்லை. முதுகுடி இல்லத்தின் இயல்பு. முதல் பாட்டில் பூ இருக்கிறது, இரண்டாவதில் பெயர் மட்டும் இருக்கிறது. இதை அறியாமல் துறைப்பெயரை ஆங்கிலத்தில் மல்லிகை என்று எழுதியவர்களைக் கண்டிருக்கிறேன். படிப்பவர் அந்தப் பாட்டில் மல்லிகையைத் தேடித் தேடி ஓய்வார்.

பாரியின் தேரில் படர்ந்தது பூ முல்லைதான், சந்தேகமே இல்லை. அதே சிறுபாணாற்றுப்படை 'சிறுவீ முல்லைக்குப் பெருந்தேர் நல்கிய' என்று சிறுமையையும் பெருமையையும் எதிரெதிரே வைக்கிறது. கபிலர் புறநானூறு 200இல் இன்னும் கூர்மையாகச் சொல்கிறார்: நாத்தழும்பேற அந்த முல்லை அவனைப் பாடவில்லை, ஆனாலும் கொடுத்தான். பாணருக்கும் புலவருக்கும் பரிசு தரும் உலகில், பாடத் தெரியாத ஒன்றுக்குத் தந்தான் என்பதுதான் அங்கே புகழ். பாரியின் பறம்பு இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை. பாரி மகளிரை மணக்கச் சொல்லி விச்சிக்கோனிடம் போனபோதும் இருங்கோவேளிடம் போனபோதும் கபிலர் அவர்களை அறிமுகப்படுத்தும் முதல் அடையாளம் இந்த முல்லைதான்.

சைவத்தில் முல்லைக்கொடி வேறு வேடம் போடுகிறது. சென்னை ஆவடிக்கு அருகே திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானை அங்கே முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டது, கொடியை வெட்டப்போன வாள் அடியிலிருந்த இலிங்கத்தில் பட்டது என்பது தலபுராணம். சுந்தரரே 'தொண்டைமான் களிற்றைச் சூழ்கொடி முல்லையால் கட்டிட்டு' என்று பாடியிருப்பதால், கதை குறைந்தது அவர் காலத்துப் பழமை உடையது. சீர்காழிப் பக்கம் இன்னொரு திருமுல்லைவாயில் உண்டு, அது சம்பந்தர் பாடியது. பேருந்து தேடுவோரும் வழிபாட்டுக்குப் போவோரும் வடதிருமுல்லைவாயிலா, தென்திருமுல்லைவாயிலா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூரில் இறைவன் பெயரே முல்லைவனநாதர். அம்மன் கர்ப்பரட்சாம்பிகையின் புகழில் அவர் பெயர் பலருக்குத் தெரியாமல் போயிற்று.

இசைக்கு வந்தால், முல்லையாழ் என்ற பழம்பண் இன்றைய அரிகாம்போதி இராகம்தான் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்ற முடிவு. சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் வரும் 'முல்லையந் தீங்குழல் கேளாமோ தோழி' என்ற இடத்தில் முல்லை குழலின் வகையா, பண்ணின் வகையா என்பதில் இரு வழி உரை உண்டு. குழல் வாயில் பூச்சூட்டியதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

ஆக, படிக்கும்போது பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். வீ, முகை, அரும்பு, கொடி, கண்ணி வந்தால் பூ. புறவு, கானம், ஆயர், கோவலர் வந்தால் நிலம். சான்ற, கற்பு வந்தாலோ, முன்னால் ஒரு மனிதரோ வீடோ நின்றாலோ குணம். யாழ், குழல், பாணி வந்தால் இசை. ஏமாற்றும் இடம் 'முல்லையம்' மட்டும். அந்த அம் வெறும் சாரியை, இரண்டு சொல்லை இணைக்க வரும் அசை, அடுத்த சொல்தான் தீர்ப்புச் சொல்லும்.

ஊர்ப்பெயரிலும் ஆற்றுப்பெயரிலும் அவசரப்படக் கூடாது. முல்லைத்தீவு என்ற பெயரை வைத்துப் படகு தேட வேண்டாம். இலங்கையின் வடக்கில் பெருநிலத்தோடு ஒட்டிய ஊர் அது, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல் களப்பு. முல்லைப்பெரியாறு என்பது முல்லையாறும் பெரியாறும் கூடும் இடத்து அணை, 1895இல் திறந்தது. அது ஒரே ஆற்றின் பெயர் என்று பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அணைக்கு மேற்கே, மலையாளத்தில், முல்ல என்றால் பெரும்பாலும் நம் குண்டுமல்லியையும் சேர்த்துத்தான். கேரளக் கல்யாணத்தில் முல்லப்பூ கேட்டு வாங்கிவிட்டு இது முல்லை இல்லையே என்று சண்டை போடக் கூடாது. தெலுங்கில் மொல்ல. இராமாயணம் பாடிய ஆதுகூரி மொல்ல என்ற 16ஆம் நூற்றாண்டுக் கவிஞரின் பெயர் இந்தப் பூதான்.

கடைசியாகக் குழந்தைக்குப் பெயர் வைப்பவர்களுக்கு. முல்லை தனியாகவும் நிற்கும், சேர்த்தும் நிற்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும்: முல்லைக்கொடி, முல்லைச்செல்வி, முல்லைவேந்தன், முல்லைவாணன். க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். வ, ம வந்தால் மிகாது. உயிரெழுத்து வந்தால் யகரம் நுழையும், முல்லையாறு என்பதைப்போல. முல்லைசெல்வி என்று ஒற்றில்லாமல் பள்ளிப் பதிவேட்டில் ஏறியவர்கள் நிறையப்பேர். ஆங்கில எழுத்தில் எல் இரண்டு கட்டாயம் வேண்டும். ஒன்று விட்டுப்போனால் வெளியூர்க்காரர் படிக்கும் சொல் வேறாகிவிடும், வகுப்பில் அந்தக் குழந்தை படும் பாடு சொல்லி மாளாது. கடைசியில் ஏ, ஐ இரண்டும் போடுங்கள். ஐ மட்டும் போட்டால் முல்லி ஆகிவிடும். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன். சான்றிதழ் கையில் வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகரும் முன் தமிழில் ஒற்றையும் ஆங்கிலத்தில் இரண்டு 'எல்' எழுத்தையும் எண்ணிப் பாருங்கள். ஆதாரும் பாஸ்போர்ட்டும் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும்.